பாலைவன நாடோடிக் குடியை உருவாக்குவது எப்படி? மிகுபுனைவு எழுதுவோருக்கு முழுமையான வழிகாட்டி

மிகுபுனைவு (ஃபேன்டசி) கதை எழுதத் தொடங்கியவர்களின் வரைவுகளைச் சில ஆண்டுகளாகப் படித்துக் கருத்துச் சொல்லி வருகிறேன். பாலைவனக் குடி வரும் கதைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. முகத்திரை, வளைந்த வாள், மணற்புயல், தாடி வைத்த தலைவர் எல்லாம் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடும். இந்த மக்கள் நேற்றிரவு என்ன சாப்பிட்டார்கள், அடுத்த தண்ணீர் எத்தனை நாள் தூரத்தில் இருக்கிறது என்று கேட்டால் எழுதியவரிடம் பதில் இருக்காது.

என் முதல் முயற்சியிலும் இதே தவறு இருந்தது. ஐந்நூறு பேர் கொண்ட குடியை இருபது நாள் நடக்கவிட்டேன். தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அதைச் சரிசெய்யப் போனபோது பாதிக் கதையை மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றிய பிறகுதான் அந்த மக்கள் உயிரோடு நடமாடத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து ஒரே வரிசையைப் பின்பற்றுகிறேன்: தண்ணீரில் தொடங்கி மனிதர்களிடம் வந்து சேர்வது.

தொடங்கும் முன் வேண்டியவை

கட்டம் போட்ட ஒரு தாள், உங்கள் உலகத்தின் மாதங்களைக் குறிக்க ஓர் அட்டவணை, கணக்குப் போட இன்னொரு தாள். இவை போதும். பெயர்கள் இப்போது வேண்டாம். பெயர் வைத்துவிட்டால் அந்த இடத்தை அழிக்க மனம் வராது, முதல் வாரத்தில் நிறைய அழிக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, உண்மையான ஒரு மக்களைத் தேர்ந்து நன்றாகப் படியுங்கள். சகாராவின் துவாரெக், அரேபியாவின் பெதூயின், கோபியின் மங்கோலிய மேய்ப்பர்கள் என யாராகவும் இருக்கலாம். மூவரையும் கலக்காதீர்கள். கோபியில் குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரி வரை போகும்; அங்கே தடித்த கம்பளிக் கூடாரமும் இரட்டைத் திமில் ஒட்டகமும் இருப்பதற்குக் காரணம் அந்தக் குளிர். அரேபியாவின் ஆட்டுமயிர்க் கூடாரம் வேறொரு வானிலைக்கு விடை. கலந்து செய்த குடி எந்தக் கேள்விக்கும் விடையாக இருக்காது.

தமிழில் எழுதுவோருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நம் மரபில் பாலை என்பது முல்லையும் குறிஞ்சியும் மழையில்லாமல் வறண்டபோது கொள்ளும் கோலம். மழை பெய்தால் அது மாறிவிடும். வழிப்பறிக் கள்வரும் பிரிவுத் துயரும் அந்த நிலத்துக்கு உரியவை. அதன் உணர்ச்சியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மழை அரிதான நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவரின் அன்றாடத்தை அங்கிருந்து எடுக்க முடியாது.

கடைசியாக ஒரு முடிவு: உங்கள் உலகத்தில் மந்திரத்தால் தண்ணீரை உண்டாக்கவோ, கண்டுபிடிக்கவோ, இடம் மாற்றவோ முடியுமா? மற்ற மந்திரங்கள் காத்திருக்கலாம். இந்தக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் வேண்டும். ஒருவரால் தினமும் ஒரு குடம் தண்ணீர் வரவழைக்க முடிந்தால்கூடக் கீழே வரும் கணக்குகள் எல்லாம் மாறும்.

1. நிலத்தை வரையுங்கள்

புதியவர்கள் தாள் முழுக்க மணல்மேடு வரைகிறார்கள். சகாராவிலேயே மணல் பரப்பு ஏறக்குறைய கால் பங்குதான். மீதி சரளைச் சமவெளி, பாறை மேட்டுநிலம், உப்புப் படுகை, மலை. திபெஸ்தி மலைத்தொடர் 3,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது.

இது ஏன் முக்கியம்? மணலில் ஒளிய முடியாது, பாறையில் முடியும். சரளையில் தடம் பதியாது, ஈரமான உப்புப் படுகையில் பொதி ஒட்டகம் கால் புதைந்து சிக்கும். மலை இருந்தால் அங்கே சிறிதாவது மழை விழும், அடிவாரத்தில் ஊற்று இருக்கும். நிலம் பலவகையாக இருந்தால்தான் கதையில் வழியைத் தேர்ந்தெடுக்கும் சங்கடம் பிறக்கும்.

காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று ஓர் அம்புக்குறி போடுங்கள். பிறை வடிவ மணல்மேட்டின் இரு கொம்புகளும் காற்று போகும் திசையை நோக்கியிருக்கும். உங்கள் வழிகாட்டிப் பெண் மேகம் மூடிய பகலில் திசை கண்டுபிடிக்க இதுவே போதும். வறண்ட ஆற்றுப்படுகைகளையும் வரையுங்கள். தொலைவில் பெய்த மழை அங்கே திடீர் வெள்ளமாக வரும் என்பதால் பழகியவர்கள் படுகைக்குள் கூடாரம் போடமாட்டார்கள்.

மணலில் நடப்பதை உடம்பால் அறிய விரும்பினால் தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டின் செம்மணலில் உச்சி வெயிலில் அரை மணி நேரம் நடந்து பாருங்கள். அது பாலைவனம் இல்லைதான். ஆனால் முழங்காலுக்குக் கீழே என்ன வலிக்கும் என்று தெரிந்துகொண்டு எழுதுவீர்கள்.

2. தண்ணீரைக் குறியுங்கள்

கிணறுகளையும் ஊற்றுகளையும் புள்ளி வைத்துக் குறியுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு செய்திகள் வேண்டும்: ஆழம், சுவை, எந்த மாதத்தில் வற்றும், யாருக்கு உரிமை. பொதி சுமந்த ஒட்டகம் மணிக்கு 4 கிலோமீட்டர் அளவில்தான் நடக்கும்; ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோமீட்டர். இரண்டு புள்ளிகளுக்கு இடையே எத்தனை நாள் என்று கோட்டின் மேல் எழுதிவிடுங்கள்.

ஆழத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தாகத்தோடு வரும் ஒட்டகம் ஒன்று பத்து நிமிடத்தில் 100 லிட்டர் வரை குடிக்கும். அறுபது ஒட்டகம் என்றால் 6,000 லிட்டர். தோல் வாளி ஒன்றில் 20 லிட்டர் வந்தால் 300 முறை இறைக்க வேண்டும். 40 மீட்டர் ஆழத்திலிருந்து ஒருமுறை இறைக்க இரண்டு நிமிடம் என்றாலும் பத்து மணி நேரம் ஆகும். சகாராவின் ஆழ்கிணறுகளில் நம்மூர்க் கமலையில் மாடு இழுப்பது போல ஒட்டகமே கயிற்றை இழுக்கும்.

இந்தப் பத்து மணி நேரம் உங்களுக்குக் கிடைத்த புதையல். யார் மந்தை முதலில் குடிக்கும் என்ற சண்டை, பின்னால் வந்தவன் கண்ணில் தெரியும் பதைப்பு, காத்திருக்கும் நேரத்தில் பேசி முடிக்கும் கல்யாணம் எல்லாம் கிணற்றடியில்தான் நடக்கும். நான் படித்த வரைவுகளில் பலர் "கிணற்றை அடைந்தார்கள், நீர் அருந்தினார்கள், புறப்பட்டார்கள்" என்று ஒரே வரியில் கடந்துபோகிறார்கள். தயவுசெய்து அங்கே நில்லுங்கள்.

3. எத்தனை பேர் என்று எண்ணுங்கள்

இப்போதுதான் மக்கள் வரலாம். இந்தப் படியை முன்னால் கொண்டுபோனால் ஐந்நூறு, ஐயாயிரம் என்று கை தாராளமாகிவிடும்.

நாற்பது பேர், அடுத்த கிணற்றுக்கு ஐந்து நாள் என்று வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று சிக்கனமாகப் போட்டாலும் 1,000 லிட்டர். ஒரு தோல் துருத்தியில் 25 லிட்டர் என்றால் 40 துருத்திகள்; அதாவது 40 வெள்ளாட்டுத் தோல். ஓர் ஒட்டகம் 150 கிலோ சுமந்தால் தண்ணீருக்கு மட்டும் ஏழு ஒட்டகம். கூடாரம், தானியம், குழந்தைகள், நோயாளிகள் எல்லாம் இன்னும் ஏறவில்லை.

ஆக, பயணத்தில் இருக்கும் குழு சிறியது. சில கூடாரங்கள், நெருங்கிய உறவுகள், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கானோர் கொண்ட குடி இருக்கலாம், ஆனால் அது இப்படிச் சிறு குழுக்களாகப் பரந்து கிடக்கும். ஆண்டில் ஒருமுறைதான் ஒன்றுகூடும். இதைப் புரிந்துகொண்டால் தலைவர் ஒருவர் கையசைக்கப் பத்தாயிரம் வீரர்கள் மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து எழும் காட்சியை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

4. விலங்கைத் தேர்ந்தெடுங்கள்

கற்பனை விலங்கு வைக்க ஆசைப்படுவோர் அதிகம். வையுங்கள். ஆனால் முதலில் ஒட்டகம் எதையெல்லாம் செய்கிறது என்று தெரிந்துகொண்டு, உங்கள் விலங்கு அதில் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று எழுதுங்கள். திமிலில் இருப்பது கொழுப்பு, தண்ணீர் கிடையாது. உடல் எடையில் கால் பங்கு அளவுக்கு நீரை இழந்தும் ஒட்டகம் பிழைக்கும். அதன் உடல் வெப்பம் ஒரே நாளில் 34 முதல் 41 டிகிரி வரை ஏறி இறங்கும். அதனால் வியர்வையில் நீரை வீணாக்காது.

எல்லாவற்றிலும் பெரிது பால். மனிதர் குடிக்க முடியாத உவர்நீரை ஒட்டகம் குடிக்கும். மனிதர் அதன் பாலைக் குடிப்பார்கள். அரேபியாவின் ருப் அல் காலி என்னும் பெருமணற்பரப்பில் மேய்ப்பர்கள் குளிர்கால மேய்ச்சலில் பல வாரங்கள் பாலை நம்பியே வாழ்ந்திருக்கிறார்கள். அப்படியானால் கறவைப் பெட்டை ஒட்டகம்தான் குடியின் உண்மையான செல்வம். பொன் நாணயத்தைப் பையில் கட்டிக்கொண்டு திரியும் நாடோடித் தலைவனைவிட, நாற்பது பெட்டைகளை வைத்திருப்பவர் பணக்காரர்.

சினைக்காலம் ஏறக்குறைய 13 மாதம். ஒரு ஈற்றுக்கு ஒரு கன்று, அதுவும் பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை. மந்தை மெதுவாகத்தான் பெருகும். வறட்சியில் பாதி செத்தால் மீட்க ஒரு தலைமுறை ஆகலாம். இந்த ஓர் எண்ணை நினைவில் வையுங்கள், ஒன்பதாம் படியில் தேவைப்படும்.

குதிரை பற்றி ஒரு வார்த்தை. ஆழ்பாலையில் குதிரை வளர்ப்பது பெருஞ்செலவு. அரேபியாவில் குதிரைக்கு ஒட்டகப் பால் ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். தாக்கப் போகும்போது ஒட்டகத்தின் மேல் பயணம் செய்து, குதிரையைக் கூடவே நடத்திப் போய், கடைசி ஓட்டத்துக்கு மட்டும் அதன் மேல் ஏறுவார்கள். உங்கள் நாயகன் பத்து நாள் குதிரையில் பாலையைக் கடந்தால் வாசகர் நம்பமாட்டார்.

5. ஓர் ஆண்டை நிரப்புங்கள்

நாடோடிகள் மனம்போன போக்கில் அலைவதில்லை. அவர்களுக்குப் பாதை உண்டு, அதற்குக் காலம் உண்டு. அட்டவணையில் ஒவ்வொரு மாதத்துக்கும் எங்கே இருக்கிறார்கள், ஏன் என்று எழுதுங்கள்.

அரேபியாவில் பழைய வழக்கம் இப்படி: கோடையில் நிலையான கிணறுகளைச் சுற்றிக் கூடுவார்கள், மழைக்குப் பின் குளிர்காலத்தில் மேய்ச்சல் தேடிப் பிரிவார்கள். பசும்புல் கிடைக்கும் குளிர்காலத்தில் ஒட்டகத்துக்குப் பல வாரம் தண்ணீர் காட்டாமலே சமாளிக்கலாம்; கோடையில் சில நாளுக்கு ஒருமுறை குடிக்க வேண்டும். அதனால் கோடைதான் கூட்டமான காலம். வழக்கு, கல்யாணம், கடன், பழம்பகை எல்லாம் கோடைக் கிணற்றில் ஒன்றுசேரும். உங்கள் கதையின் பெரிய நிகழ்ச்சிகளை அங்கே வையுங்கள்.

மாற்றத்தின் அடையாளமாக வானத்தைப் பயன்படுத்துங்கள். ஆகஸ்டு கடைசியில் விடியலுக்கு முன் சுஹைல் மீன் அரேபிய வானில் தென்படும்போது கடுங்கோடை விடைபெறுகிறது என்று அறிவார்கள். நாம் அகத்தியர் மீன் என்று சொல்வதும் அதே விண்மீனைத்தான். உங்கள் உலகத்துக்கு உங்கள் மீனை வையுங்கள், ஆனால் அதைப் பார்த்ததும் மக்கள் ஏதாவது ஒரு வேலையைத் தொடங்க வேண்டும்.

6. கூடாரம், உடை, அடுப்பு

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். ஆட்டுமயிர்த் துணியின் நெசவு வெயிலில் காற்றை விடும். நனைந்தால் இழை பருத்து மழையைத் தடுக்கும். தளர்வான கறுப்பு அங்கி வெள்ளையைவிடச் சுடுமா என்று சோதித்து 1980-ல் வெளியான ஆய்வு ஒன்றில், உடம்பை எட்டிய வெப்பம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. கூடுதல் சூட்டை அங்கிக்குள் ஓடும் காற்று கொண்டுபோய்விடுகிறது. துவாரெக்கில் முகத்தை மூடுவது ஆண்கள்; பெண்கள் மூடுவதில்லை. கூடாரம் பெண்ணுக்குச் சொந்தம். அவர்கள் மொழியில் கூடாரம் போடுவது என்றால் கல்யாணம் செய்துகொள்வது. விவாகரத்து ஆனால் வெளியே நிற்பவன் கணவன். இப்படி ஒரு வழக்கம் இருந்தால் குடும்பச் சண்டை எப்படி நடக்கும் என்று யோசியுங்கள், ஒரு அத்தியாயமே வந்துவிடும்.

அப்புறம், இரவுதோறும் பெரிய விறகுத் தீ மூட்டாதீர்கள். மரம் ஏது? காய்ந்த ஒட்டகப் புழுக்கையும் முட்செடியின் வேரும்தான் எரிபொருள். தீ சிறியதாக இருக்கும், சமையல் எளியதாக இருக்கும்.

7. இல்லாததை எழுதுங்கள்

குடியால் செய்ய முடியாதவற்றைப் பட்டியலிடுங்கள்: தானியம், பேரீச்சை, இரும்பு, துணி, தேயிலை. தனித்து நிற்கும் நாடோடிக் குடி என்று ஒன்று கிடையாது. சோலை உழவர், பட்டறைக் கொல்லர், சந்தை வணிகர் ஆகியோரோடு கட்டுண்டுதான் அவர்கள் வாழ்கிறார்கள். கொடுக்க அவர்களிடம் என்ன உண்டு? விலங்கு, தோல், பால்பொருள், வழிகாட்டல், பாதுகாப்பு, உப்பு.

உப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு. மொரோக்கோப் பயணி இபின் பதூதா 1352-ல் சகாராவின் தகாசா என்ற உப்புச் சுரங்க ஊருக்குப் போனபோது அங்கே வீடுகள் உப்புப் பாளத்தால் கட்டப்பட்டு, ஒட்டகத் தோலால் கூரை வேயப்பட்டிருந்தன. மரமே இல்லை. உப்பை வெட்டியவர்கள் அடிமைகள். அவர்களுக்கு உணவு முழுவதும் வெளியிலிருந்து வர வேண்டும். அதற்கப்பால் பத்து நாள் தண்ணீரில்லாத வழி. வணிகக் கூட்டம் ஒருவனுக்குப் பெருங்கூலி கொடுத்து முன்னால் தனியாக அனுப்பும். அவன் வலாத்தா நகரத்தை அடைந்து கடிதம் கொடுத்தால், அங்கிருப்போர் நான்கு நாள் தூரம் தண்ணீரோடு எதிரே வருவார்கள். அவன் வழியில் இறந்துபோனால் பின்னால் வரும் கூட்டமே அழிந்துபோகக்கூடும். இபின் பதூதாவோடு வந்த வழிகாட்டிக்கு ஒரு கண் இல்லை, மற்றதும் நோயுற்றது; ஆனாலும் பாதையை அவனைவிட அறிந்தவர் இல்லையாம்.

இந்த ஒரு பத்திக்குள் எத்தனை கதைகள் இருக்கின்றன என்று பாருங்கள். அரக்கனும் சாபமும் இல்லாமலே நெஞ்சு படபடக்கிறது.

8. சட்டம் எழுதுங்கள்

சட்டம் ஒவ்வொன்றும் மேலே உள்ள படிகளில் ஏதாவது ஒரு பயத்துக்கு விடையாக இருக்க வேண்டும். பெதூயின் மரபில் முன்பின் தெரியாதவரையும் மூன்று நாள் விருந்தினராக வைத்துக் காப்பார்கள். அடுத்த முறை தாகத்தோடு இன்னொருவர் கூடாரத்தை நெருங்குவது நாமாக இருக்கலாம் என்பதே காரணம். மூன்று நாளில் களைப்பு தீரும். அதற்கு மேல் தங்கினால் கொடுப்பவரின் பால் தீரும்.

கொலைக்கு ஈடு கேட்பதும் அப்படியே. காவலரும் சிறையும் இல்லாத நிலத்தில் உறவுதான் காவல். ஐந்து தலைமுறைக்குள் ஒரே பாட்டன் வழி வந்த ஆண்கள் ஒருவர் குற்றத்துக்கு ஒருவர் பொறுப்பு. ஒட்டகங்களாக இரத்த விலை கொடுத்துத் தீர்க்கலாம். ஒருவன் கோபத்தில் செய்த தவறுக்குப் பங்காளிகள் அத்தனை பேரும் மந்தையை இழப்பார்கள் என்பதால், அவனை அடக்கி வைக்கும் அக்கறை எல்லோருக்கும் வரும்.

புதியவர்கள் செய்யும் தவறு, சட்டத்தை எழுதிவிட்டு யாரும் அதை மீறாமல் விடுவது. பகைவனின் மகனே விருந்தாளியாக வந்து நின்றால் என்ன செய்வார்கள்? எல்லோரும் ஒரே மாதிரி நடக்க மாட்டார்கள். கிழவிக்கு ஒரு நியாயம், மூத்த மகனுக்கு ஒரு நியாயம் இருக்கட்டும். குடி முழுவதற்கும் ஒரே குணம் கொடுத்தால் அது திரைச்சீலையில் வரைந்த படமாகிவிடும்.

9. சண்டையைப் பிறகு கொண்டுவாருங்கள்

நான்காம் படியில் சொன்ன 13 மாதக் கணக்கு இங்கே பயன்படும். மந்தை அழிந்தால் விரைவாக மீட்க ஒரே வழி அடுத்தவர் மந்தை. ஆகவே பாலைவனச் சண்டை பெரும்பாலும் ஒட்டகத்தைக் கவர்வது. ஆளைக் கொல்வது முடிந்தவரை தவிர்க்கப்பட்டது, இரத்தப் பகை தலைமுறைக்கும் தொடரும் என்பதால். நம் வெட்சித் திணையின் ஆநிரை கவர்தலோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் தமிழ் வாசகருக்கு உடனே பிடிபடும்.

முற்றுகைப் போரோ மாதக்கணக்கில் நிற்கும் படையோ வேண்டுமென்றால் இரண்டாம், மூன்றாம் படிகளுக்குப் போய்த் தண்ணீர்க் கணக்கை மறுபடி போடுங்கள். கிணற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவரே வெல்வார்.

10. நம்பிக்கையும் மந்திரமும்

நம்பிக்கை வேறெங்கிருந்தும் இறங்கி வராது. தாளில் நீங்கள் குறித்த புள்ளிகளிலிருந்தே முளைக்கும். நைஜர் நாட்டின் தெனெரே பாலையில் ஒற்றை வேல மரம் ஒன்று நின்றது. சுற்றிலும் நெடுந்தூரத்துக்கு வேறு மரமே கிடையாது. அதன் வேர் 30 மீட்டருக்கும் ஆழத்தில் இருந்த நீரைத் தொட்டிருந்தது. போகும் வரும் கூட்டத்துக்கெல்லாம் அது அடையாளம். விறகுக்கென்று யாரும் அதை வெட்டவில்லை. 1973-ல் ஒரு லாரி மோதி விழுந்தது. உங்கள் குடிக்கு இப்படி ஒரு மரம் கொடுங்கள், வழிபாடு தானாக வரும். சில மணல்மேடுகள் சரியும்போது உறுமுவதும் உண்மை. அதற்கு உங்கள் மக்கள் என்ன காரணம் சொல்கிறார்கள்?

மந்திரத்துக்கு ஒரே சோதனைதான். அது இருப்பதால் மேலே உள்ள எந்தப் படி தேவையற்றுப் போகிறது என்று பாருங்கள். நீர் காணும் வரம் ஒருத்திக்கு இருந்தால் குழுவுக்கு நாற்பது துருத்தி வேண்டியதில்லை, எல்லாக் குடிகளும் அவளைக் கவரப் பார்க்கும், அவளுக்கு ஒரு கூடாரத்தில் நிம்மதியாகத் தூங்க முடியாது. விளைவுகளை இப்படித் தொடர்ந்து எழுதினால் மந்திரம் கதைக்குள் வேர்விடும்.

11. இப்போது பெயர் வையுங்கள்

அரபு போல ஒலிக்கும் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் பெயர் செய்யாதீர்கள். அந்த மொழி அறிந்தவரை அது புண்படுத்தும். வாழ்க்கையிலிருந்து எடுங்கள். கிணற்றுக்குச் "சிறுவன் விழுந்தது", "பங்குனிக்குத் தாங்காது" என்பது போலப் பயன்பாட்டுப் பெயர்கள் இயல்பானவை. எதோடு அதிகம் வாழ்கிறார்களோ அதற்குச் சொற்கள் மிகும். நமக்கு யானைக்குக் களிறு, பிடி, வேழம் என்று இருப்பது போல, அவர்களுக்குச் சினை ஒட்டகம், முதல் ஈற்று, கன்று இழந்தது என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருக்கட்டும். ஐந்தாறு போதும், அதற்கு மேல் போனால் வாசகர் மறந்துவிடுவார்.

12. ஒரு நாளை மட்டும் எழுதிப் பாருங்கள்

நாவலைத் தொடங்கும் முன், இடம் பெயரும் ஒரு நாளை மூன்று பக்கத்தில் எழுதுங்கள். விடியுமுன் கூடாரம் பிரிப்பதிலிருந்து இரவு பால் கறப்பது வரை. போரோ தீர்க்கதரிசனமோ வெளியூர் இளவரசனோ அதில் வரக்கூடாது. குறிப்பாக, வெளியிலிருந்து வந்த ஒருவன் ஒரே மாதத்தில் எல்லாம் கற்று அவர்களுக்கே தலைவனாகும் கதையை எழுத நினைப்பவர்கள் இந்த மூன்று பக்கத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். ஒரு துருத்தியைக் கட்டவே எத்தனை நாள் பழக வேண்டும் என்று அதில் தெரிந்துவிடும்.

எழுதி முடித்ததும் கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இவர்கள் அடுத்த தண்ணீரை எப்போது பார்ப்பார்கள்? இந்தக் குழுவில் யார் சொல்லை யார் கேட்க வேண்டும்? எதை இழந்தால் இவர்கள் அழுவார்கள்? முதல் கேள்வியில் தடுமாறினால் இரண்டாம் படிக்கும், அடுத்ததில் தடுமாறினால் எட்டாம் படிக்கும், கடைசிக் கேள்வியில் தடுமாறினால் நான்காம் படிக்கும் திரும்பிப் போய்த் தாளைத் திருத்திவிட்டு, அதே நாளை மறுபடி எழுதுங்கள்.